எட்டுப் பொத்தான், ஐந்து கம்பி: பழைய கண்ட்ரோலரைக் கணினியோடு இணைக்கத் தேவையான பொருட்கள்

நின்டெண்டோவின் என்.இ.எஸ். விளையாட்டுக் கருவி 1985இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதன் மூலவடிவமான ஃபேமிகாம் ஜப்பானில் 1983 ஜூலையிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. என்.இ.எஸ்.ஸோடு வந்த கண்ட்ரோலர் ஒரு சின்னச் செவ்வகப் பெட்டி. இடது கட்டைவிரலுக்குச் சிலுவை வடிவத் திசைப் பொத்தான், வலது கட்டைவிரலுக்கு ஏ, பி என்று இரண்டு சிவப்புப் பொத்தான்கள், நடுவில் செலக்ட், ஸ்டார்ட். நான்கு திசைகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் மொத்தம் எட்டுப் பொத்தான்கள். ஆனால் பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒயருக்குள் இருப்பவை ஐந்தே கம்பிகள். அந்த ஐந்தும் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், இன்றைய கணினியோடு இணைக்க எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகிறவர்கள் உதவாத போர்டை வாங்கி வருகிறார்கள். அதைவிட மோசம், இனி யாரும் தயாரிக்காத ஒரு ஒயரை வெட்டிவிடுகிறார்கள்.

ஐந்தில் இரண்டு கம்பிகள் மின்சாரத்துக்கு: ஒன்று 5 வோல்ட், மற்றது கிரவுண்ட். மீதி மூன்றுக்கும் லேட்ச், கிளாக், டேட்டா என்று பெயர். கண்ட்ரோலருக்குள் 4021 என்ற பதினாறு கால் ஐசி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எட்டுப் பொத்தான்களும் அதன் எட்டு உள்வாயில்களில் தனித்தனியாக இணைந்திருக்கின்றன. விளையாட்டுக் கருவி லேட்ச் கம்பியில் ஒரு துடிப்பு அனுப்பினால், அந்தக் கணத்தில் எந்தெந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்பதை 4021 மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கிளாக் கம்பியில் துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வர வர, பிடித்து வைத்ததை டேட்டா கம்பி வழியாக ஒவ்வொன்றாகச் சொல்லும். வகுப்பில் ஆசிரியர் பெயர் பெயராகக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பது போலத்தான். வரிசை மாறவே மாறாது: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. இதில் ஒரு நுணுக்கம், பொத்தான் அழுந்தியிருந்தால் டேட்டா கம்பியில் வோல்டேஜ் இறங்கும். அழுந்தாமல் இருந்தால் 5 வோல்ட்டில் நிற்கும். முதன்முறை நிரல் எழுதுபவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, தொடாத பொத்தான்கள் எல்லாம் அழுந்தியதாகத் தெரிகிறதே என்று குழம்புவதுண்டு.

1990இல் ஜப்பானில் வந்த சூப்பர் ஃபேமிகாமும் (வேறு நாடுகளில் சூப்பர் நின்டெண்டோ) இதே முறையைத்தான் பின்பற்றியது. எட்டுக்குப் பதில் பதினாறு துடிப்புகள், அவற்றில் முதல் பன்னிரண்டு பொத்தான்களுக்கு. வரிசை பி, ஒய், செலக்ட், ஸ்டார்ட், நான்கு திசைகள், பிறகு ஏ, எக்ஸ், எல், ஆர். கம்பிகள் அதே ஐந்து. அதனால் ஒன்றுக்குச் சேர்த்த பொருட்கள் இன்னொன்றுக்கும் அப்படியே பயன்படும். மாறுவது சாக்கெட்டும் நிரலில் சில வரிகளும்தான்.

எல்லாக் கண்ட்ரோலர்களும் இந்தக் குடும்பம் அல்ல. 1977இல் வந்த அட்டாரி கருவியின் ஜாய்ஸ்டிக்கில் ஐசியே கிடையாது. நான்கு திசைக்கும் ஒரு பொத்தானுக்குமாக ஐந்து ஸ்விட்ச், அவ்வளவுதான். சேகா மெகா டிரைவ் கண்ட்ரோலரில் இரண்டு பொத்தான்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ள, எதைப் படிப்பது என்று ஒரு தேர்வுக் கம்பி சொல்லும். நின்டெண்டோ 64 ஒரே டேட்டா கம்பியில் இரு திசையிலும் பேசும், அதுவும் 3.3 வோல்ட்டில். 5 வோல்ட் போர்டை அப்படியே அதோடு இணைத்தால் கண்ட்ரோலர் பழுதாகலாம். ஆகவே முதல் வேலை கையில் இருப்பது எது என்று உறுதியாக அடையாளம் காண்பது. பொருட்கள் வாங்குவது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் 1990களில் வீடு வீடாகப் பரவிய டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ‘கேசட்’ என்று சொல்லி மாற்றி மாற்றிப் போட்டு விளையாடியது அவற்றின் கார்ட்ரிட்ஜைத்தான். பரணில் கிடக்கும் அந்தக் கண்ட்ரோலர்களுக்குள்ளும் ஓடுவது இதே லேட்ச், கிளாக், டேட்டா முறையே. உள்ளே 4021க்குப் பதிலாகக் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று இருக்கும். அதற்கடியில் இருக்கும் சில்லு அதே வேலையைச் செய்கிறது. நுனியில் பெரும்பாலும் ஒன்பது துளை கொண்ட பிளக். இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. பழைய கணினிகளின் பின்னால் உள்ள ஒன்பது பின் சீரியல் போர்ட்டில் இந்தப் பிளக் அளவு பிசகாமல் பொருந்தும். ஆனால் அந்தப் போர்ட்டில் ஓடும் சிக்னல் ஒருபுறம் +12 வோல்ட், மறுபுறம் −12 வோல்ட் வரை போகக்கூடியது. 5 வோல்ட்டுக்குச் செய்த சில்லு அதைத் தாங்காது. பொருந்துகிறதே என்று செருகிப் பார்க்கவே கூடாது.

சேர்க்க வேண்டிய பொருட்களில் முதலாவது சாக்கெட். ஒன்பது துளைப் பிளக்குக்கு ஒன்பது பின் சாக்கெட் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் அதைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. சிக்கல் அசல் என்.இ.எஸ்., சூப்பர் நின்டெண்டோ கண்ட்ரோலர்களில்தான். அவற்றின் ஏழு பின் பிளக்குகள் நின்டெண்டோ தனக்கென்றே வடிவமைத்தவை. பொதுக் கடைகளில் சாக்கெட் இருக்காது. இதற்கு நல்ல வழி எக்ஸ்டென்ஷன் கேபிள். கண்ட்ரோலர் ஒயரை நீட்டிக்கப் புதிதாகத் தயாரித்து விற்கும் கேபிளின் ஒரு முனையில் சாக்கெட் இருக்கிறது. அந்தக் கேபிளை வெட்டினால், சாக்கெட்டும் அதோடு பற்றவைக்க வசதியாக நீண்ட ஒயரும் சேர்ந்தே கிடைத்துவிடும். அசல் கண்ட்ரோலரின் ஒயரில் கத்தி படவே வேண்டாம். பல பத்தாண்டுகளைக் கடந்த ஒரு பொருளை, அது பிறந்த கருவியிலும் திரும்பச் செருக முடிகிற நிலையில் வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்வது நியாயமில்லை. மலிவான எக்ஸ்டென்ஷன் கேபிள்கள் சிலவற்றில் ஏழு கம்பிக்குப் பதில் ஐந்துதான் இருக்கும். கண்ட்ரோலருக்கு ஐந்து போதும்.

அடுத்தது போர்டு. கண்ட்ரோலர் பேசுவதைக் கேட்டு, கணினிக்குப் புரியும் யூ.எஸ்.பி. மொழியில் சொல்ல நடுவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வேண்டும். ஒரு காலத்தில் இது இல்லாமலே வேலை நடந்தது. 1990களின் கணினிகளில் பிரிண்டருக்கான இருபத்தைந்து பின் பேரலல் போர்ட் இருந்தது. கண்ட்ரோலரின் லேட்ச், கிளாக், டேட்டா கம்பிகளை அதில் நேரடியாக இணைத்து, கணினியின் புராசசரே துடிப்பு அனுப்பிப் படித்தது. அந்தப் போர்ட்டில் தனியாக 5 வோல்ட் பின் கிடையாது. அதனால் பயன்படாத டேட்டா பின்கள் சிலவற்றை டையோடு வழியாக ஒன்றுசேர்த்து அங்கிருந்தே மின்சாரத்தை எடுத்தார்கள். 4021க்குத் தேவை மிகச் சொற்பம் என்பதால் அது போதுமானதாக இருந்தது. லினக்ஸில் இதற்கென்றே ‘கேம்கான்’ என்ற டிரைவர் உண்டு. பேரலல் போர்ட் கணினிகளை விட்டு மறைந்ததோடு இந்த அழகான குறுக்குவழியும் மறைந்தது.

அதன் பிறகு வந்தவர்கள் ஏடிமெகா8 என்ற சில்லை வைத்துச் செய்தார்கள். அதில் யூ.எஸ்.பி. வசதி கிடையாது, வி-யூ.எஸ்.பி. என்ற இலவச மென்பொருள் அந்தக் குறையை நிரல் வழியாகவே ஈடுகட்டியது. அப்போதைய பொருட்பட்டியல் கொஞ்சம் நீளம்: 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், யூ.எஸ்.பி. டேட்டா கம்பிகளுக்கு 68 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, வோல்டேஜைக் கட்டுப்படுத்த 3.6 வோல்ட் ஜீனர் டையோடு இரண்டு, குறைவேகக் கருவி என்று கணினிக்குத் தெரிவிக்க 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இணையத்தில் கிடைக்கும் பழைய வரைபடங்கள் பலவற்றில் இன்றும் இந்தப் பட்டியல்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஜீனர் டையோடு தேடிக் கடைகடையாக ஏறி இறங்க இன்று அவசியம் இல்லை.

இன்று பொருத்தமானது ஏடிமெகா32யூ4 சில்லு உள்ள போர்டு. ஆர்டுயினோ லியோனார்டோ அந்த வகை. அதைவிடச் சிறியது, மலிவானது ப்ரோ மைக்ரோ. இந்தச் சில்லுக்குள்ளேயே யூ.எஸ்.பி. இருப்பதால், கணினியில் செருகியதும் தன்னை ஒரு கேம்பேட் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். தனி டிரைவர் வேண்டாம். கடைக்காரர்கள் எடுத்ததும் நீட்டுவது ஆர்டுயினோ ஊனோவாக இருக்கும், ஏனென்றால் அதிகம் விற்பது அதுதான். இந்த வேலைக்கு அது சரிப்படாது. ஊனோவின் முதன்மைச் சில்லில் யூ.எஸ்.பி. இல்லை. மலிவு ஊனோக்களில் இருக்கும் சிஎச்340 என்ற துணைச் சில்லு கணினியிடம் தன்னை ஒரு சீரியல் போர்ட் என்று மட்டுமே சொல்லிக்கொள்ளும். கேம்பேட் என்று சொல்ல அதனால் இயலாது. போர்டின் மேல் இருக்கும் சில்லில் ‘32யூ4’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே நல்லது. ப்ரோ மைக்ரோ 5 வோல்ட், 3.3 வோல்ட் என இரண்டு வகைகளில் வருகிறது, என்.இ.எஸ். கண்ட்ரோலருக்கு எடுக்க வேண்டியது 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் வகை.

2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பீக்கோவும் நல்ல தேர்வே. அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் கொடுக்கக் கூடாது. ஆனால் 4021 குடும்பத்துச் சில்லு 3 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட் வரை எதிலும் இயங்கும். எனவே கண்ட்ரோலருக்கு மின்சாரத்தையே பீக்கோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து கொடுத்துவிட்டால், டேட்டா கம்பியும் அதே அளவுக்குள் நின்றுவிடும். கறுப்புப் பிசின் பொட்டு உள்ள நகல் கண்ட்ரோலர்களைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது. அவற்றுக்கு 5 வோல்ட் போர்டே பாதுகாப்பு.

சில்லறைப் பொருட்கள் அதிகமில்லை. டேட்டா கம்பியை 5 வோல்ட்டோடு (பீக்கோவாக இருந்தால் 3.3 வோல்ட்டோடு) இணைக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி வைக்கலாம். கண்ட்ரோலரைக் கழற்றியிருக்கும்போது அந்தக் கம்பி அந்தரத்தில் நின்று, அழுத்தாத பொத்தான்கள் அழுந்தியதாகத் தெரிவதை இது தடுக்கும். போர்டுக்குள்ளேயே இருக்கும் இத்தகைய ரெசிஸ்டரை (புல்-அப்) நிரலில் இயக்கினாலும் இதே பலன்தான். முதலில் சோதித்துப் பார்க்க பிரெட்போர்டும் ஜம்பர் ஒயர்களும், பிறகு நிரந்தரமாகப் பற்றவைக்க ஈயமும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் வேண்டும். யூ.எஸ்.பி. கேபிளைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் கேபிள்களில் டேட்டா கம்பிகள் இருக்காது; அதை வைத்து இணைத்தால் போர்டில் விளக்கு எரியும், கணினியோ எதையும் காட்டாது. போர்டு கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

கருவிகளில் தவிர்க்கவே முடியாதது மல்ட்டிமீட்டர். கம்பியின் நிறத்தை நம்பி இணைப்பது இந்த வேலையில் உள்ள மிகப் பெரிய ஆபத்து. அசல் கண்ட்ரோலர்களின் நிறங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எக்ஸ்டென்ஷன் கேபிள் செய்பவர்களும் நகல் கண்ட்ரோலர் செய்பவர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. கையில் கிடைத்த நிறக் கம்பியைப் போட்டுவிடுகிறார்கள். 5 வோல்ட்டும் கிரவுண்டும் மாறிவிட்டால் உள்ளே இருக்கும் சில்லு பழுதாகிவிடும்.

சரியான முறை இது. கண்ட்ரோலரைக் கவிழ்த்து, பின்புறத்து ஆறு திருகுகளையும் கழற்றினால் மூடி வந்துவிடும். பச்சைப் பலகையில் 4021 தெரியும். ஐசியின் ஒரு முனையில் அரைவட்டப் பள்ளம் இருக்கும். பள்ளம் மேலே இருக்குமாறு, எழுத்து நேராகத் தெரியும் பக்கமிருந்து பார்த்தால், இடப்பக்க மேல் கால் ஒன்று. அங்கிருந்து இடப்பக்கம் கீழே எட்டு வரை எண்ணி, வலப்பக்கம் கீழிருந்து மேலே பதினாறு வரை எண்ண வேண்டும். மூன்றாவது கால் டேட்டா, எட்டாவது கிரவுண்ட், ஒன்பதாவது லேட்ச், பத்தாவது கிளாக், பதினாறாவது 5 வோல்ட். கண்ட்ரோலரை எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி, மல்ட்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலைக்குத் திருப்பி, ஒரு முனையை ஐசியின் காலிலும் மறு முனையை வெட்டிய கேபிளின் கம்பிகளில் ஒவ்வொன்றாகவும் வைத்தால், எது எதுவென்று பீப் ஒலியே சொல்லிவிடும். உடனே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிசின் பொட்டு உள்ளவற்றில் எண்ண ஐசிக் கால்கள் இருக்காது. அங்கே ஒவ்வொரு பொத்தானின் ஒரு பக்கமும் சேர்ந்து ஓடும் அகலமான தடம் பெரும்பாலும் கிரவுண்டாக இருக்கும். மீதியை அங்கிருந்து தொடங்கிக் கண்டுபிடிக்க வேண்டும். பலகையில் கம்பிகள் சேரும் இடத்தில் சிலவற்றில் எழுத்தாகவே பொறித்திருப்பார்கள்.

மூடி திறந்திருக்கும்போதே சுத்தமும் செய்துவிடலாம். பொத்தானுக்கு அடியில் உள்ள ரப்பரில் கறுப்புக் கார்பன் வட்டங்கள் இருக்கின்றன. பலகையில் உள்ள தொடுபரப்பில் அவை படுவதுதான் பொத்தான் அழுந்துவது. வருடக்கணக்கில் சேர்ந்த தூசியும் பிசுக்கும் இந்தத் தொடுகையைக் கெடுக்கின்றன. பலகையின் தொடுபரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் மென்மையாகத் துடைக்கலாம். கார்பன் வட்டத்தை மட்டும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. தேய்ந்துவிட்டால் மாற்று ரப்பர் வாங்க வேண்டிவரும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

பிரெட்போர்டில் இணைப்பது எளிது. 5 வோல்ட்டும் கிரவுண்டும் போர்டில் அவற்றுக்குரிய பின்களுக்கு. லேட்ச், கிளாக், டேட்டா மூன்றும் விருப்பமான மூன்று எண் பின்களுக்கு. ஆர்டுயினோ மென்பொருளில் போர்டு வகையை லியோனார்டோ என்று தேர்ந்தெடுத்து, ஜாய்ஸ்டிக் நூலகத்தைச் சேர்த்துக்கொண்டால் நிரல் சில பத்து வரிகளில் முடிந்துவிடும். லேட்ச்சை ஒரே ஒரு முறை 12 மைக்ரோ வினாடி உயர்த்தி இறக்க வேண்டும்; பிறகு டேட்டாவைப் படிப்பது, கிளாக்கை ஒருமுறை துடிக்க விடுவது, இப்படி எட்டு முறை. ஒரு முழுச் சுற்று கிட்டத்தட்ட 100 மைக்ரோ வினாடிக்குள் அடங்கும்.

எவ்வளவு அடிக்கடி படிப்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. என்.இ.எஸ். விளையாட்டுகள் கண்ட்ரோலரைப் பொதுவாக வினாடிக்கு அறுபது முறைதான் பார்த்தன. இரண்டு பார்வைக்கு இடையே 16 மில்லி வினாடிக்கு மேல் இடைவெளி இருந்ததால், ரப்பர் தொடுகையில் ஏற்படும் நொடிப்பொழுது அதிர்வு யார் கண்ணுக்கும் படவில்லை. ப்ரோ மைக்ரோவோ வினாடிக்கு ஆயிரம் முறை படிக்கக்கூடியது. அப்போது அந்த அதிர்வும் பதிவாகி, ஒரு அழுத்தம் இரண்டாகத் தெரியலாம். மாற்றம் தெரிந்த பொத்தானை அடுத்த சில மில்லி வினாடிகளுக்குத் திரும்பப் பார்க்காமல் விடுவது போதுமான தீர்வு. முதல் அழுத்தம் உடனே போய்ச் சேர்ந்துவிடுவதால் தாமதம் எதுவும் ஏற்படாது.

சோதிக்க விண்டோஸில் கேம் கண்ட்ரோலர்களுக்கான அமைப்புப் பக்கமும் லினக்ஸில் ‘ஜேஎஸ்டெஸ்ட்’டும் உதவும். எல்லாப் பொத்தானும் எப்போதும் அழுந்தியதாகத் தெரிந்தால், டேட்டா கம்பி கிரவுண்டில் பட்டிருக்கிறது, அல்லது நிரல் தலைகீழாகப் படிக்கிறது. எதை அழுத்தினாலும் ஒன்றுமே தெரியாவிட்டால் டேட்டா கம்பியையும் லேட்ச்சையும் பார்க்க வேண்டும். ஏ பொத்தானை அழுத்தியதும் எட்டும் சேர்ந்து எரிந்தால் கிளாக் கம்பி கண்ட்ரோலரை எட்டவில்லை என்று பொருள்; முதல் பெயரையே எட்டு முறை கேட்டுக்கொண்டிருக்கிறது போர்டு. ஒரே ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாவிட்டால் பழுது ஒயரிங்கில் இல்லை, ரப்பரில்தான்.

எல்லாம் சரியாக ஓடிய பிறகே சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் ஹீட் ஷ்ரிங்கை முதலிலேயே கோத்துவிட்டுப் பற்றவைக்க வேண்டும்; பற்றவைத்த பின் கோக்க வழியில்லை. ப்ரோ மைக்ரோவின் மைக்ரோ யூ.எஸ்.பி. சாக்கெட் பலவீனமானது, கேபிளை இழுக்க இழுக்கப் பலகையிலிருந்தே பெயர்ந்து வந்துவிடும். அதன் இருபுறமும் கொஞ்சம் எபாக்ஸி வைத்து இறுக்கலாம், அல்லது டைப்-சி சாக்கெட் உள்ள வகையை வாங்கலாம். சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் போர்டை வைத்து, வெளியே வரும் ஒயரில் உட்பக்கமாக ஒரு கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டால், ஒயரை இழுத்தாலும் அந்த இழுப்பு பற்றவைத்த இடத்துக்குப் போகாது.